சென்னையைச் சுற்றிப் புதிய நகரங்கள்: யார் நிலம், யார் செலவு, யாருக்கு லாபம்?

சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் ஒரு புதிய நகரத்தைத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம், அதாவது டிட்கோ, உருவாக்கும் என்று 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. ‘குளோபல் சிட்டி’ என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு முன்பிருந்தே மீஞ்சூர், திருமழிசை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஆகிய ஆறு ஊர்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலையைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ, கையில் எடுத்திருந்தது. செய்திகளில் இவை எல்லாமே ‘துணைநகரம்’ என்ற ஒரே பெயரில் அடிபடுகின்றன. மீஞ்சூர்ப் பக்கம் நஞ்சை வைத்திருப்பவர் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறார். அதே ஊரில் மனை விற்பவர் ‘வரப்போகிறது துணைநகரம்’ என்று பிளெக்ஸ் கட்டுகிறார். இரண்டு பேரும் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றி இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நகரம் கட்டுவது வேறு, திட்டம் போடுவது வேறு

துணைநகரம் என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

1. அரசு நிறுவனம் ஒன்று நிலத்தைத் தன் பெயருக்கு வாங்கி, சாலை போட்டு, மனை பிரித்து விற்பது. மறைமலை நகர், மணலி புதுநகர், மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள நவி மும்பை எல்லாம் இந்த வகை. டிட்கோ அறிவித்ததும் இதுதான்.

2. ஏற்கெனவே இருக்கும் ஊருக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் வகுப்பது. எந்த சர்வே எண்ணில் வீடு கட்டலாம், எங்கே தொழிற்சாலை, எங்கே விவசாயம் மட்டும், எதிர்காலச் சாலை எந்த வழியாகப் போகும் என்று வரைபடத்தில் நிறம் பிரிப்பது. நிலம் உரிமையாளரிடமேதான் இருக்கும். மீஞ்சூர் உள்ளிட்ட ஆறு ஊர்களுக்கான வேலை இந்த வகை.

இரண்டாவது வகையில் யாரும் உங்கள் நிலத்தை எடுப்பதில்லை என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. உங்கள் வயலின் நடுவே 100 அடிச் சாலை வரும் என்று வரைந்துவிட்டால், அந்தத் துண்டில் நாளை கட்டட அனுமதி கிடைக்காது. சாலை எப்போது வரும் என்றும் சொல்ல மாட்டார்கள். சென்னைக்குள் பல தெருக்களில் 1970களில் வரைந்த சாலை விரிவாக்கக் கோடுகள் இன்னும் வரைபடத்திலேயே இருக்கின்றன.

இதற்கெல்லாம் அடித்தளம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைக்கான முதல் முழுமைத் திட்டம் 1970களின் நடுவில் வந்தது, இரண்டாவது, 2008இல். 2026 வரைக்குமானது. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கு. இதற்கிடையே 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. அரக்கோணம் பக்கத்துக் கிராமமும் இப்போது காகிதத்தில் சென்னைப் பெருநகரம்தான். புதிய நகரங்களைப் பற்றிய பேச்சு திடீரென்று இவ்வளவு பெருகியதற்கு இந்த எல்லை விரிவும் ஒரு காரணம்.

ஒரு ஏக்கரின் கணக்கு

புதிய நகரம் என்றதும் கண்ணாடிக் கட்டடங்களின் படத்தைப் போடுகிறார்கள். அடியில் நடப்பது நில வியாபாரம். விவசாய விலையில் வாங்கி, நகர விலையில் விற்று, வித்தியாசத்தில் சாலையும் சாக்கடையும் போடுவது. எந்த அரசின் கஜானாவிலும் ஒரு முழு நகரத்தைக் கட்டுவதற்கான பணம் ரொக்கமாக இருப்பதில்லை.

கணக்குக்காக ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணம் மட்டுமே. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலை, பூங்கா, பள்ளி, துணை மின்நிலையம், கழிவுநீர் நிலையம் எல்லாம் போக விற்பதற்கு மிஞ்சுவது 24,000 சதுர அடி என்று வையுங்கள். விவசாயிக்கு சென்டுக்கு 60,000 ரூபாய், ஏக்கருக்கு 60 லட்சம் கொடுக்கிறார்கள். மனை விற்பது சதுர அடி 1,500 ரூபாய்க்கு. ஏக்கருக்கு 3 கோடியே 60 லட்சம் வருகிறது. நடுவில் நிற்பது 3 கோடி.

புதிய நகரம் பற்றிய எல்லாச் சண்டையும் இந்த 3 கோடியைப் பற்றியதுதான். அதிலிருந்து தண்ணீர்க் குழாயும் ரயில் பாதையும் வர வேண்டும், வாங்கிய கடனுக்கு வட்டி போக வேண்டும், ஏழைகளுக்கான வீட்டுக்கு மானியம் வர வேண்டும். நிலம் கொடுத்தவர், ‘என் மண்ணில் விளைந்த விலையில் எனக்கென்ன பங்கு?’ என்று கேட்கிறார். அறிவிப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பே சுற்றுவட்டத்தில் வாங்கிப் போட்டவர்கள் ஒரு ரூபாய் செலவில்லாமல் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைத் தடுக்க இன்றுவரை உருப்படியான வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

நிலம் திரட்ட மூன்று வழிகள்

1. கையகப்படுத்தல். மத்திய அரசின் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, கிராமப்புறத்தில் சந்தை மதிப்பின் நான்கு மடங்கு வரை இழப்பீடு கிடைக்க வழி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சந்தை மதிப்பை எடுப்பது வழிகாட்டி மதிப்பிலிருந்தும் பதிவான பத்திரங்களின் சராசரியிலிருந்தும். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பாதி விலைக்குப் பத்திரம் போட்ட ஊரில், அந்தப் பாதி விலையே அரசின் கணக்குக்கு அடிப்படையாகிவிடும். நான்கு மடங்கு என்பது நிஜத்தில் இரண்டு மடங்காகச் சுருங்குவது இப்படித்தான்.

தமிழகத்தில் இன்னொரு சிக்கல். தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க 1997இல் மாநில அரசு தனிச் சட்டம் செய்தது. இதன் கீழ் எடுத்தால் 2013 சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடும் உரிமையாளர் சம்மத விதியும் பொருந்தாது. இழப்பீடு, மறுவாழ்வு, மீள்குடியேற்றம் பற்றிய விதிகள் மட்டுமே பொருந்தும். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. சட்டமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கப்படுவது இந்தச் சட்டத்தின் கீழ்தான். அந்தத் திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரத்து மக்கள் 2022லிருந்து போராடியதற்குப் பின்னால், ‘எங்களைக் கேட்கவே இல்லையே’ என்ற குறை இருப்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது.

2. பேசி வாங்குதல். விலை படிந்தால் கிரயம். வேகமாக முடியும், வழக்கு குறைவு. நடுவில் நாலு பேர் தர மறுத்தால் நகரம் ஓட்டை விழுந்த போர்வையாகிவிடும்.

3. நிலத் திரட்டல். விவசாயி நிலத்தை மொத்தமாக ஒப்படைக்கிறார். பணத்துக்குப் பதில், உருவாகும் நகரத்தில் சிறிய ஆனால் விலை கூடிய மனை திரும்பி வருகிறது.

மூன்றாவது வழிக்கு நாட்டிலேயே பெரிய சோதனைக்களம் ஆந்திரத்தின் புதிய தலைநகராகத் திட்டமிட்ட அமராவதி. விஜயவாடாவுக்கும் குண்டூருக்கும் இடையே 2015இல் 33,000 ஏக்கருக்கு மேல் விவசாயிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மானாவாரி நிலம் ஒரு ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனை, 250 சதுர கஜம் வணிக மனை. கிருஷ்ணைக் கரையின் வளமான பாசன நிலத்துக்கு வணிக மனை 450 சதுர கஜம். கூடவே 10 ஆண்டுகளுக்கு ஆண்டுத் தொகை: மானாவாரிக்கு ஏக்கருக்கு 30,000 ரூபாயும் பாசன நிலத்துக்கு 50,000 ரூபாயும் தொடக்கத்தில், ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு கூடும். நிலமில்லாத குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய். ஒரு ஏக்கர் 4,840 சதுர கஜம் என்பதால், கொடுத்ததில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் மனையாகத் திரும்புகிறது. நகரம் எழுந்தால் அந்தக் கால்வாசியே முழு ஏக்கரைவிடப் பல மடங்கு மதிப்புப் பெறும்.

‘எழுந்தால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2019இல் ஆட்சி மாறியது. மூன்று தலைநகரங்கள் என்றார்கள். பாதி கட்டிய அலுவலகங்களைச் சுற்றிக் கருவேலம் முளைத்தது. 2022 மார்ச்சில் ஆந்திர உயர் நீதிமன்றம் நகரத்தை முடித்துக் கொடுக்கச் சொன்னது; வேலை மறுபடி வேகம் பிடித்தது 2024இல் ஆட்சி மீண்டும் மாறிய பிறகு. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் விவசாயியிடம் உழ நிலமும் இல்லை, விற்க நகர மனையும் இல்லை. நிலத் திரட்டல் நியாயமான முறை என்று சொல்பவர்கள் பங்கு பிரிப்பதை மட்டுமே பார்க்கிறார்கள். அரசியல் ஆபத்து முழுவதும் விவசாயியின் தலையில் விழுகிறது.

நவி மும்பையில் பங்கு என்ற பேச்சே ரத்தம் சிந்திய பிறகுதான் வந்தது. 1970இல் மகாராஷ்டிர அரசு சிட்கோ என்ற நிறுவனத்தை உருவாக்கி, 95 கிராமங்களை உள்ளடக்கிய 344 சதுர கிலோமீட்டரை அதனிடம் கொடுத்தது. இழப்பீடு மிகக் குறைவு. 1984 ஜனவரியில் உரண் பகுதியில் நிலம் கொடுக்க மறுத்த விவசாயிகள் மீது காவல்துறை சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் தி.பா. பாட்டீல். அதன் பிறகே, எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை மேம்படுத்திய மனையாகத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. 2025 அக்டோபரில் திறந்த நவி மும்பை விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று 2021இல் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள் என்றால், அந்தக் காயம் எவ்வளவு ஆழம் என்று புரியும்.

ஏரிகளை என்ன செய்வது?

மும்பைக்கும் அமராவதிக்கும் இல்லாத ஒரு பிரச்சினை இங்கே உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் எங்கே 2,000 ஏக்கரை வளைத்தாலும் உள்ளே நாலைந்து ஏரியாவது சிக்கும். ஏரி தனித்து நிற்பதில்லை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து, ஓடைக்கால் பிடித்து அடுத்த ஏரிக்கு வரும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கோடையில் அந்தக் கால்வாயைப் பார்த்தால் முழங்கால் ஆழப் பள்ளம், உள்ளே சீமைக் கருவேலம், ஓரத்தில் ஆடு கட்டியிருக்கும். சர்வேயர் எல்லைக்கல் நடும்போது ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று எழுதுவது இதைத்தான். வரைபடத்தில் மெல்லிய கோடு. நவம்பரில் ஒரே இரவில் 20 சென்டிமீட்டர் மழை பெய்யும்போதுதான் அது எதற்கு இருந்தது என்று தெரியும்.

2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டத்தை இந்த இடத்தில் படிக்க வேண்டும். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பகுதிக்குள் நீர்நிலையோ ஓடையோ இருந்தால், அரசு அதைச் ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவித்து, நிபுணர் குழுவின் அறிக்கையைப் பெற்று, நிலத்தை மாற்றிக்கொடுத்து ஒருங்கிணைக்கலாம். நீரின் கொள்ளளவும் ஓட்டமும் குறையக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு ஏரியின் கொள்ளளவை வேறிடத்தில் தோண்டி ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. கொள்ளளவை ஈடுகட்டலாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் தண்ணீரின் பாதையை அரசாணை போட்டு மாற்ற முடியாது.

இதற்குச் சான்று தேட வெளியூர் போக வேண்டாம். வீட்டு வசதி வாரியம் ஏரிகளிலேயே குடியிருப்பு அமைத்ததுண்டு. ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்ற முகவரிக்கு இன்றும் தபால் போகிறது. வேளச்சேரி ஏரி சுருங்கியதன் கணக்கை 2015 டிசம்பர் வெள்ளம் தீர்த்துவைத்தது.

மீஞ்சூரின் கதை இன்னும் விசித்திரம். சென்னைக்குக் குடிநீர் தர 1960களிலிருந்து ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப்படுகைகளில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு உறிஞ்சினார்கள். கடல்நீர் உள்ளே ஏறியது, வயல்கிணறுகள் உப்பாயின. பிறகு சென்னைக்காகவே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் காட்டுப்பள்ளியில் வந்தது. இப்போது சென்னையின் நெரிசலைப் பகிர்ந்துகொள்ள அதே மீஞ்சூரையே அழைக்கிறார்கள். அங்கே வரப்போகும் குடும்பங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்பதைத் திட்ட வரைவின் முதல் பக்கத்திலேயே எழுதுவது முறை.

எது முதலில் வர வேண்டும்?

மறைமலை நகருக்கு மனை பிரித்தது 1980 வாக்கில். ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும் பக்கத்திலேயே இருந்தும் பல ஆண்டுகள் மனைகள் காலியாகக் கிடந்தன. 1990களில் ஃபோர்டு ஆலை வந்த பிறகு ஊர் சூடு பிடித்தது. வீடு முதலில், வேலை பின்னால் என்ற வரிசை தோற்றது. ஒரே ஆலையை நம்பிய ஊருக்கு அதன் விலையும் உண்டு: 2021இல் ஃபோர்டு மூடுகிறோம் என்று அறிவித்தபோது டீக்கடை வரை அடி விழுந்தது.

திருமழிசைக்கு 2011இல் 311 ஏக்கரில் 2,160 கோடி ரூபாய்த் துணைநகரம் அறிவித்தார்கள். 2020இல் கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாக மாற்ற இடம் தேடியபோது அந்த நிலம் வெறுமையாகக் கிடந்தது கைகொடுத்தது. ஒன்பது ஆண்டுத் திட்டத்தின் பலன் ஒரு தகரக் கொட்டகைச் சந்தை. பக்கத்தில் ரயில் இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் திட்டமிட்ட பாதையும் பூந்தமல்லியோடு முடிகிறது.

போக்குவரத்துக்கு நவி மும்பையில் ஒரு நல்ல வழி கண்டார்கள். ரயில் பாதைச் செலவில் 67 சதவீதத்தை சிட்கோ ஏற்றது, ரயில்வே 33 சதவீதம். வாஷி, பேலாப்பூர் நிலையங்களின் மேலேயே அலுவலகக் கட்டடம் கட்டி விற்றார்கள். நில லாபம் ரயிலாக மாறியது. ஆனாலும் மும்பையிலிருந்து வாஷிக்கு முதல் ரயில் போனது 1992இல், நகரம் அறிவித்து 22 ஆண்டுகள் கழித்து. அரசுத் தலைமை அலுவலகங்களும் அங்கே போகும் என்று முதலில் நம்பினார்கள். அவை தென் மும்பையின் நரிமன் பாயின்ட் பக்கமே தங்கிவிட்டன. 20 லட்சம் பேருக்கென்று நினைத்த நகரத்தின் மாநகராட்சிப் பகுதியில் 2011இல் இருந்தது 11 லட்சம் பேர்.

இங்கே கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையம் திறந்தது. ரயில் பாதை கூப்பிடு தூரத்தில். ஆனால் அன்று நிலையம் இல்லை. திருச்சியிலிருந்து விடிகாலை நாலரைக்கு இறங்கியவர், தோளில் பையும் இடுப்பில் குழந்தையுமாக மாநகரப் பேருந்துக்கு நின்றார். ஊரப்பாக்கமோ வண்டலூரோ போக ஆட்டோக்காரர் கேட்டது ஊரிலிருந்து வந்த டிக்கெட் விலையில் பாதி. ஒரே சாலையில் ஒரு ரயில் நிலையத்தை நேரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை.

வேலையும் வண்டியும் இல்லாத இடத்தில் வீட்டை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் சாட்சி. கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்குக் கூரை கிடைத்தது. வீட்டு வேலைக்கு மயிலாப்பூர் போன பெண்ணுக்குப் போக்குவரத்தே கூலியில் பெரும்பங்கைத் தின்றது. பலர் வேலையை விட்டார்கள். புதிய நகர அறிவிப்புகளில் ‘எளியோருக்கும் வீடுகள்’ என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அந்த வீடுகள் ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

நிலம் வைத்திருப்பவரும் வாங்குபவரும் கவனிக்க வேண்டியவை

1. வரைவுத் திட்டம் வெளியானால் ஆட்சேபம் சொல்லக் கால அவகாசம் தருவார்கள். கூட்டத்தில் பேசுவது போதாது. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.

2. ‘துணைநகரத்துக்கு மிக அருகில்’ என்ற விளம்பரம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. சிஎம்டிஏ அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகார எண்ணும், மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் சலுகை 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான். அதன் பிறகு பிரித்ததை வாங்கினால் சிக்கல்.

3. கிராமம் நகராட்சியோடு சேர்ந்தால் வீட்டு வரி கூடும், ஊரக வேலை உறுதி போன்ற திட்டங்கள் போகும். சாலையும் குழாயும் அதே வேகத்தில் வருவதில்லை. கிராம சபையில் இந்தக் கேள்வியை இணைப்புக்கு முன்பே எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்வது நல்லது.

4. குத்தகைக்கு உழுபவருக்குப் பட்டாவில் பெயர் இல்லை. பதிவு செய்த குத்தகை இல்லாவிட்டால் இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுப்போகலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். நில உரிமையாளர் முகம் சுளிப்பார் என்பதால் பெரும்பாலோர் செய்வதில்லை.

5. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடந்தால், கையகப்படுத்தும்போது நோட்டீஸ் இறந்துபோனவர் பெயருக்கு வரும். பங்காளிகளுக்குள் தகராறு என்றால் தொகை யார் கைக்கும் வராமல் முடங்கிக் கிடக்கும். வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வைத்துப் பட்டா மாற்றத்துக்கு மனு போட வேண்டிய நேரம், அறிவிப்புக்கும் வரைவுத் திட்டத்துக்கும் நடுவில் கிடைக்கும் மாதங்கள்தான்.